சத்தமில்லாமல் ஓடும் தண்ணீர்

வீடும் நாங்களும் – தொடர் பத்தி

சென்ற இதழில் பனிக்காலத்துக்கு யன்னல் இடுக்குகளை அடைப்பது பற்றி எழுதியிருந்தோம். பலர் தொலைபேசியில் கதைத்தீர்கள். அவர்களில் ஒரு சகோதரி, "யன்னலை அடைச்சாச்சு. இனித் தண்ணி பில்லுக்கு என்ன வழி எண்டு எழுதுங்கோ" என்று கேட்டார். கேள்வி சின்னதுதான். ஆனால் எங்களுக்குச் சுருக்கென்றது. தண்ணீர் பில் விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய பிழை நடந்தது. பில் சரியாகத்தான் வந்தது. பிழை விட்டவர்கள் நாங்கள். வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அதையே இம்முறை எழுதுகிறோம்.

ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய வீடு பழையது. அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்த முதலாவது பனிக்காலம் அது. பிள்ளைகளுக்கு அவர் அப்பாச்சி. ரொறன்ரோ நகரசபையின் தண்ணீர் பில் மாதாமாதம் வருவதில்லை, நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அந்த முறை பில்லைப் பிரித்துப் பார்த்த எங்களுக்குத் தலை சுற்றியது. முந்திய பில்லில் 118 கன மீற்றர் என்றிருந்த தண்ணீர் இந்த முறை 204 கன மீற்றர்! ஒரு கன மீற்றர் என்றால் 1,000 லீற்றர். அதற்கு நகரசபை இன்று 4 டொலருக்கு மேல் எடுக்கிறது. கணக்குப் பாருங்கள்.

வீட்டில் புதிதாக என்ன மாறியது என்று யோசித்தோம். புதிதாக வந்தவர் அம்மா ஒருவர்தான்! கோப்பை கழுவும்போது பைப்பைத் திறந்து விட்டபடி நிற்கிறார், பலமுறை கால் கழுவுகிறார் என்று எங்களுக்குள்ளே முடிவு கட்டிவிட்டோம். நேரே ஏசவில்லை. "அம்மா, இங்கை தண்ணிக்குக் காசு. ஊர் மாதிரி இல்லை" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

அடுத்த நாளிலிருந்து அம்மா முழுகுவதைக் குறைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையும் தலைக்கு வார்க்காமல் சாமி கும்பிட்டார். கேட்டால், "குளிராக் கிடக்கு" என்றார். நாங்களும் அதை நம்பினோம்.

ஒரு கிழமைக்குப் பிறகு அவரே ஒரு நாள் காலையில் மெல்லச் சொன்னார்: "பிள்ளை, இரவிலை ஆரோ எழும்பிப் போய்த் தண்ணி நிறைக்கினம். கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால் கேக்குது."

"அது ஹீற்றர் சத்தமம்மா" என்று சிரித்துவிட்டு வேலைக்கு ஓடினோம்.

இன்னும் இரண்டு நாள் போனது. அவர் விடவில்லை. "எனக்குத் தண்ணிச் சத்தம் தெரியாதோ? துலாவிலை தண்ணி இறைச்ச ஆக்கள் நாங்கள்" என்றார். அன்று இரவு நாங்கள் இருவரும் அவருடைய அறையில் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பக்கத்து ரொயிலற்றுக்குள் 'ஸ்ஸ்...' என்று தண்ணீர் நிறையும் சத்தம். அங்கே ஒருவரும் இல்லை.

கேசரிக் கலர் கண்டுபிடித்த கள்ளன்

ரொயிலற்றின் பின்பக்கத் தாங்கிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தச் சத்தம் விளங்கும். தாங்கியின் அடியில் ஒரு ஓட்டை. அதை ஒரு றப்பர் மூடி மூடியிருக்கும். கைபிடியை அழுத்தினால் ஒரு சின்னச் சங்கிலி அந்த மூடியைத் தூக்கும், தண்ணீர் கீழே பாயும். பிறகு மூடி விழுந்து ஓட்டையை அடைக்கும். தண்ணீர் நிறைய நிறைய ஒரு மிதவை மேலே வந்து, வருகிற தண்ணீரை நிற்பாட்டும். இவ்வளவுதான் வேலை.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. அதில் கிடந்து கிடந்து ஆண்டுகள் போக றப்பர் தடித்து நெளிந்துவிடும். அதன் ஓரத்தில் சுண்ணாம்புப் படிவும் சேரும். அப்புறம் மூடி சரியாக அடைபடாது. தண்ணீர் மெல்லிய படலமாகக் கோப்பைக்குள் வழிந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நிலமும் நனையாது. தாங்கியில் தண்ணீர் ஓரளவு குறைந்ததும் மிதவை இறங்கி, தானாகவே நிறைக்கத் தொடங்கும். அம்மா இரவிரவாகக் கேட்ட சத்தம் இதுதான்.

இதைச் சோதிக்க ஆளைக் கூப்பிடத் தேவையில்லை. தாங்கியின் பீங்கான் மூடியைக் கவனமாகத் தூக்கி வையுங்கள். உள்ளே இருப்பது குழாயில் வரும் நல்ல தண்ணீர்தான், அருவருக்க வேண்டாம். கேசரிக்குப் போடும் சிவப்புக் கலரில் கொஞ்சத்தை அதற்குள் விடுங்கள். இருபது நிமிடம் ஒருவரும் பாவிக்கக் கூடாது. பிறகு கோப்பைக்குள் பாருங்கள். கலர் வந்திருந்தால் மூடி ஒழுகுகிறது.

எங்கள் வீட்டில் அம்மாவே சமையலறையிலிருந்து கலர்ப் போத்தலைக் கொண்டுவந்து தந்தார். ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. கோப்பைத் தண்ணீர் சிவந்துவிட்டது. அம்மா எங்களைப் பார்த்தார். நாங்கள் நிலத்தைப் பார்த்தோம்.

பிறகு கணக்குப் பார்த்தோம். நிமிடத்துக்கு அரை லீற்றர் ஒழுகினால் மணிக்கு 30 லீற்றர், நாளுக்கு 720 லீற்றர். நான்கு மாதத்தில் 86 கன மீற்றர். எங்கள் பில்லில் கூடியிருந்ததும் சரியாக அதே 86! காசாக 340 டொலருக்கு மேல். புதிய றப்பர் மூடி ஹாட்வெயர் கடையில் பத்துப் பன்னிரண்டு டொலர்தான்.

மாற்றுவதும் லேசு. தாங்கிக்குக் கீழே சுவரோரம் இருக்கும் சின்ன வால்வை வலப்பக்கம் திருகி மூடுங்கள். கைபிடியை அழுத்தித் தாங்கியை வெறுமையாக்குங்கள். பழைய மூடியைக் கழற்றி, கடைக்குக் கையோடு கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். மூடி உட்காரும் விளிம்பைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுப் புதியதைப் பூட்டுங்கள். சங்கிலி நன்றாக இழுபட்டிருந்தால் மூடி அடைபடாது. தொய்ந்து கிடந்தால் மூடிக்குக் கீழே சிக்கும். ஒன்றிரண்டு கண்ணி தொய்வு விடுங்கள். வால்வைத் திறந்து, தாங்கி நிறைந்ததும் திரும்பவும் கலர் விட்டுப் பாருங்கள். எங்களுக்கு எல்லாமாக இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. அதில் பத்து நிமிடம் ரோச் லைற் தேடியது!

சில வீடுகளில் மூடி நல்லதாக இருக்கும், மிதவை உயர்ந்து நிற்கும். அப்போது தாங்கியின் நடுவில் நிற்கும் வழிவுக் குழாயின் வாய்க்குள் தண்ணீர் ஓயாமல் வழியும். தண்ணீர் மட்டம் அந்த வாய்க்கு ஓரங்குலம் கீழே நிற்கும்படி மிதவையைத் திருகி இறக்கிவிடுங்கள்.

மீற்றரிடம் கேளுங்கள்

வீடு முழுவதற்கும் ஒரே சோதனையும் உண்டு. இரவில் எல்லோரும் படுத்த பிறகு, கீழே பேஸ்மென்ரில் இருக்கும் தண்ணீர் மீற்றரின் இலக்கத்தை எழுதி வையுங்கள். விடிய, ஒருவரும் பைப்பைத் திறக்க முதல் திரும்பப் பாருங்கள். இலக்கம் மாறியிருந்தால் எங்கோ தண்ணீர் போகிறது. ரொறன்ரோவில் வீட்டு உரிமையாளர்கள் தங்கள் வீட்டில் நாளுக்கு நாள் ஓடிய தண்ணீரை நகரசபையின் இணையத்தளத்தில் பார்க்கவும் முடியும். பில் வரும்வரை நான்கு மாதம் காத்திருந்து எங்களைப்போல நெஞ்சைப் பிடிக்காதீர்கள். மாதம் ஒருமுறை பாருங்கள்.

சொட்டுச் சொட்டாக ஒழுகும் பைப்பையும் விடாதீர்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. அது ஒரு வாளி, ஏறக்குறைய 20 லீற்றர். பெரும்பாலும் உள்ளே தேய்ந்த ஒரு றப்பர் வோஷர்தான் காரணம். சுடுதண்ணீர்ப் பைப்பில் சொட்டினால் தண்ணீரோடு சூடும் சேர்ந்து போகிறது.

தண்ணீருக்கு இரண்டு பில்

இதை எங்கள் ஆட்களில் பலர் யோசிப்பதில்லை. சுடுதண்ணீருக்கு இரண்டு முறை காசு கட்டுகிறோம். தண்ணீருக்காக நகரசபைக்கு ஒன்று, அதைச் சூடாக்கியதற்காகக் காஸ் அல்லது மின்சாரக் கொம்பனிக்கு மற்றது. கனடாவில் ஒரு வீட்டுக்குப் போகும் சக்தியில் முதலிடம் வீட்டைச் சூடாக்குவதற்கு. இரண்டாமிடம் தண்ணீரைச் சூடாக்குவதற்கு. விளக்கை அணை, ரீவியை அணை என்று பிள்ளைகளுக்குப் பின்னால் திரிகிறோம். குளியலறையில் ஓடும் சூட்டை யாரும் கணக்கெடுப்பதில்லை.

கணக்கைச் சொல்கிறோம். ரொறன்ரோவுக்கு வரும் தண்ணீர் ஒன்ராறியோ ஏரித் தண்ணீர். பனிக்காலத்தில் அது நாலைந்து பாகையில் வரும். குளிக்க 40 பாகை வேண்டும். பழைய ஷவர் நிமிடத்துக்கு 15 லீற்றர் ஊற்றும். பத்து நிமிடக் குளிப்புக்கு 150 லீற்றர். அவ்வளவையும் 35 பாகை கூட்டிச் சூடாக்க ஏறக்குறைய 6 கிலோவாற் மணி போகும். அதே மின்சாரத்தில் 10 வாற் பல்பு ஒன்றை 25 நாள் இரவு பகலாக எரிக்கலாம். இது ஒருவர் ஒருநாள் குளித்த கணக்கு!

ஆகவே ஷவரை அளந்து பாருங்கள். 10 லீற்றர் வாளியைக் கீழே வைத்து முழுவேகத்தில் திறந்துவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். 40 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லீற்றர். இன்று சிக்கனமானவை என்று முத்திரை குத்தி விற்கும் ஷவர் தலைகள் நிமிடத்துக்கு 7.6 லீற்றர் அல்லது அதற்குக் குறைவாகவே விடும். பழையதைக் கையால் அல்லது ஸ்பானரால் கழற்றி, மரையில் வெள்ளை ரேப் சுற்றிப் புதியதைப் பூட்டலாம். தண்ணீரும் பாதி, சூடும் பாதி. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். பிறகு மறந்துவிடுவார்கள்.

கோப்பை கழுவும் பைப்பின் வாயில் ஒரு சின்ன வலை திருகியிருக்கும். தண்ணீரோடு காற்றைக் கலந்து விடுவது அதன் வேலை. முகம் கழுவும் பைப்புக்கு நிமிடத்துக்கு 5.7 லீற்றர் விடும் வலை போதும். விலை சில டொலர்கள்தான். பழைய வலையில் மண்ணும் துருவும் அடைத்திருக்கும், கழற்றிக் கழுவுங்கள்.

அம்மா இங்கும் ஷவரில் குளிப்பதில்லை. வாளியில் சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வைத்துக் கோப்பையால் வார்த்துத்தான் குளிப்பார். இரண்டு வாளி, 30 லீற்றர். எங்கள் மூத்தவன் ஒருமுறை ஷவருக்குள் போய் வந்தால் அது அம்மாவுக்கு ஐந்து நாள் குளிப்பு. வீட்டில் ஆகக் குறையத் தண்ணீர் பாவித்த மனுசியைப் பிடித்துத்தான் நாங்கள் கள்ளனாக்கினோம்!

சுடுதண்ணீர்த் தாங்கி

காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று சிலர் சுடுதண்ணீர்த் தாங்கியின் சூட்டை 45, 50 பாகைக்கு இறக்கி வைக்கிறார்கள். அது கூடாது. இளஞ்சூட்டில் நிற்கும் தண்ணீரில் லெஜியனெல்லா என்ற கிருமி பெருகும். அந்தத் தண்ணீரின் நுண்துளிகளைச் சுவாசித்தால் கடுமையான நிமோனியா வரலாம். தாங்கிக்குள் 60 பாகை இருக்க வேண்டும். ஆனால் 60 பாகைத் தண்ணீர் பைப்பில் வந்தால் குழந்தையின் தோல் சில விநாடிகளில் வெந்துபோகும். இரண்டுக்கும் வழி, தாங்கியின் வாயில் பூட்டும் கலப்பு வால்வு. அது பச்சைத்தண்ணீரைக் கலந்து 49 பாகைக்கு மேற்படாமல் வெளியே விடும். பழைய வீட்டில் இது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிளம்பரைக் கூப்பிட்டுப் பூட்டுங்கள். குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டில் இது செலவல்ல, காவல்.

தாங்கியிலிருந்து புறப்படும் குழாயைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அந்தச் சூடு பேஸ்மென்ருக்குள் வீணாகப் போகிறது. நீளமாகப் பிளந்த நுரைக் குழல் கடையில் விற்கும். முதல் இரண்டு மீற்றர் குழாய்க்கு, சூட்டுக் குழாய், குளிர்க் குழாய் இரண்டுக்கும் அதைப் போர்த்துங்கள். கத்தரிக்கோல் போதும். காஸ் ஹீற்றர் என்றால் மேலே போகும் புகைக்குழாயிலிருந்து 15 சென்ரிமீற்றராவது தள்ளி நிற்க வேண்டும். காற்றுப் போகும் வாய்களை எதனாலும் மூட வேண்டாம்.

உடுப்பைப் பச்சைத்தண்ணீரில் தோயுங்கள். ஊரில் சுடுதண்ணீரிலா தோய்த்தோம்? இன்றைய சவர்க்காரத் தூள்கள் பச்சைத்தண்ணீரிலும் வேலை செய்யும். நோயாளியின் துணி, குழந்தையின் அழுக்குத் துணி மட்டும் வேறு.

கிணற்றடி வாழையும் செப்புக் குழாயும்

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நின்று கிணற்றில் ஊறும். அதைத்தான் குடித்தோம், அதில்தான் தோட்டம் செய்தோம். குளித்த தண்ணீரை வாய்க்கால் கட்டி வாழைக்கும் தென்னைக்கும் விட்டோம். கிணற்றடி வாழை குலை தள்ளியது அந்தத் தண்ணீரில்தான். ஒரு தண்ணீருக்கு இரண்டு வேலை!

அதே புத்தி இங்கும் ஒரு குழாயாக வந்திருக்கிறது. நாங்கள் குளித்த சுடுதண்ணீர் இன்னும் சூட்டோடுதான் கழிவுக் குழாயால் இறங்குகிறது. அந்த நிமிர்ந்த குழாயில் ஒரு பகுதியைச் செம்பால் ஆக்கி, அதைச் சுற்றி மெல்லிய செப்புக் குழாயைச் சுருளாகச் சுற்றிவிடுவார்கள். வீட்டுக்குள் வரும் பச்சைத்தண்ணீர் அந்தச் சுருளால் போகும்போது, இறங்கும் தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு ஹீற்றருக்குப் போகும். இரண்டு தண்ணீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. மின்சாரம் தேவையில்லை, அசையும் பாகம் எதுவும் இல்லை. 2017 தொடக்கம் ஒன்ராறியோவில் கட்டிய புதிய வீடுகள் பலவற்றில் இது உண்டு. புது வீடு வாங்கியவர்கள் பேஸ்மென்ரில் தேடிப் பாருங்கள். ஷவரில் தண்ணீர் வருவதும் போவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் அதற்கு இது நன்றாக உதவும். தொட்டியை நிறைத்துக் குளிப்பவர்களுக்குப் பயன் குறைவு. பழைய வீட்டில் பேஸ்மென்ற் திருத்தும்போது, குளியலறைக்குக் கீழே நிமிர்ந்த கழிவுக் குழாய் இருந்தால் பிளம்பரிடம் கேட்டு வையுங்கள்.

ரொயிலற் மாற்றுவதென்றால்

1980களுக்கு முந்திய ரொயிலற் ஒருதரத்துக்கு 20 லீற்றர்வரை இழுக்கும். பின்னால் 13 லீற்றர் வந்தது. 1996இலிருந்து ஒன்ராறியோவில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு 6 லீற்றர் என்று சட்டம் வந்தது. இன்று 4.8 லீற்றரில் நல்லவை உண்டு. எங்கள் வீட்டில் இருந்தது 13 லீற்றர். ஐந்து பேர், ஆளுக்கு நாளில் ஐந்து தடவை என்றால் 325 லீற்றர். 4.8 லீற்றர் என்றால் 120 லீற்றர். ஒரு பில்லுக்கு நூறு டொலரளவு மிச்சம்.

ஆரம்பத்தில் வந்த சிக்கன ரொயிலற்றுகள் ஒழுங்காகத் தள்ளாமல், இரண்டு தரம் அழுத்த வேண்டியிருந்தது. அதனால் கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள தண்ணீர்ச் சபைகள் சேர்ந்து 2003இல் ஒரு சோதனையைத் தொடங்கின. சோயாப் பசையை உருட்டிப் போட்டு, ஒருதரத்தில் எத்தனை கிராம் போகிறது என்று அளக்கிறார்கள். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அப்படித்தான்! அந்தப் புள்ளியை வாங்கும்போது கேளுங்கள். 350 கிராமுக்குக் குறைந்ததைத் தொடவேண்டாம். 600 என்றால் நிம்மதி. பழைய தாங்கிக்குள் செங்கல் வைப்பவர்களும் உண்டு. கல் கரைந்து மண்ணாகி மூடியைக் கெடுத்துவிடும், வேண்டாம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

பேஸ்மென்ரிலும் அடுக்குமாடியிலும் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள்தான் எங்கள் வாசகர்களில் கூட. பழுதைச் சொன்னால் வீட்டுக்காரர் எழும்பச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து பேசாமல் இருப்பவர்களை நாங்கள் அறிவோம். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி குழாய், ரொயிலற், ஹீற்றர் எல்லாவற்றையும் நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. பழுதைச் சொன்னதற்காக ஒருவரை வெளியேற்றச் சட்டம் இடம் தராது. வாயால் சொல்வதோடு நிற்காமல் திகதி போட்டு எழுதிக் கொடுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கலர்ச் சோதனையைச் செய்து, "அண்ணை, ரொயிலற் ஒழுகுது, வந்து பாருங்கோ" என்று சொன்னால் பில் கட்டும் வீட்டுக்காரருக்கும் அது லாபம். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் தண்ணீர் பில்லால் மனத்தாங்கல் வந்த கதைகள் எங்களுக்குத் தெரியும். ஒரு றப்பர் மூடிக்காக உறவு முறிய வேண்டாம்.

கதவைத் தட்டுகிறவர்களிடமும் கவனம். "உங்கடை ஹீற்றர் பழசு, இலவசமாய் மாத்தித் தாறம், பில்லைக் காட்டுங்கோ" என்று வந்தவர்களிடம் கையெழுத்து வைத்து, ஆண்டுக்கணக்காக வாடகை கட்டி மாட்டுப்பட்டவர்கள் பலர். 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் அழையாமல் வீட்டு வாசலுக்கு வந்து தண்ணீர் ஹீற்றர், ஏசி, சூடாக்கி, தண்ணீர் வடிகட்டி போன்றவற்றுக்கு ஒப்பந்தம் எழுதுவது தடை. பில்லைக் காட்டாதீர்கள், உள்ளே விடாதீர்கள். எங்கள் மொழியில் அன்பாகக் கதைத்தாலும் அப்படித்தான்.

சிக்கனம் கூடாத இடங்கள்

எல்லா இடத்திலும் தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டியதில்லை. 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடுகளில் தெருவிலிருந்து வரும் குழாய் ஈயமாக இருக்கலாம். இரவு முழுவதும் குழாய்க்குள் நின்ற தண்ணீரை விடியக் குடிக்காதீர்கள். நன்றாகக் குளிர்ந்து வரும்வரை சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். ஓடிய தண்ணீரில் நிலம் துடைக்கலாம். எந்த வீட்டிலும் குழந்தையின் பாலுக்குச் சுடுதண்ணீர்ப் பைப்பில் பிடிக்காதீர்கள். பச்சைத்தண்ணீரைப் பிடித்துக் கொதிக்க வையுங்கள். கடுங்குளிர் நாளில் வெளிச்சுவரோடு போகும் குழாய் உறைந்துவிடுமோ என்று பயமிருந்தால், ஒரு பைப்பை மெல்லிய நூலளவு ஓடவிடுவதும் வீண் அல்ல. குழாய் வெடித்தால் வரும் செலவு அதைவிட எத்தனையோ மடங்கு. வீட்டுக்கு வரும் தண்ணீரை முழுதாக நிற்பாட்டும் பெரிய வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.

றப்பர் மூடி மாற்றிய அன்றிரவு பிள்ளைகளும் இருக்கத்தக்கதாக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். "உதுக்கென்ன மன்னிப்பு? தண்ணி எண்டால் கவனமாத்தானே இருக்கவேணும்" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஆனால் நான் சொன்னதையும் ஒருக்கால் கேட்டிருக்கலாம்" என்றார். அந்த வெள்ளிக்கிழமை அவர் தலைக்கு வார்த்து முழுகினார். நாங்கள்தான் தண்ணீர் கலந்து வைத்தோம்.

ஊரில் தண்ணீரின் விலை தோளில் தெரிந்தது. இங்கே நான்கு மாதம் கழித்துக் கடதாசியில் வருகிறது. அதற்கிடையில் கேட்கக்கூடிய காது வீட்டில் ஒன்று இருந்தால் அதை மதியுங்கள். இன்றிரவே கலர் விட்டுப் பாருங்கள். என்ன நிறம் வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அடுத்த இதழில், பொரித்த எண்ணெயைச் சிங்குக்குள் ஊற்றினால் பேஸ்மென்ரில் என்ன நடக்கும் என்பதைப் பார்ப்போம். அதுவரை எண்ணெயை ஆறவைத்து ஒரு ரின்னுக்குள் ஊற்றி வையுங்கள்!